மாமிக்குப் பசிக்காத கப்பல்

கடற்கரையில் பிறந்தவனுக்குக் கப்பலைப் பற்றி எல்லாம் தெரியும் என்று வயல்பக்கத்து ஆட்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் இருப்பதுதான் எங்கள் சாய்ந்தமருதுக்காரரின் பெருந்தன்மை. நானும் கெடுக்கவில்லை. கல்யாணம் பேச மாவடிப்பள்ளியிலிருந்து வந்தவர்கள், "மாப்பிள்ளைக்குக் கடல் பழக்கமா?" என்று கேட்டபோது, "கடல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நான் கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் பெயின்டும் விற்றுக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் ஒருதரம் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், தோணியில் ஏறினேன். கரை கண்ணுக்குத் தெரியும்போதே வாந்தியெடுத்து, "இவனெ எறக்கி உடுங்கடா" என்று திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். (மனைவி வீட்டில் இது யாருக்கும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும், பரவாயில்லை.)

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். நானும் ஒரு பெட்டியோடு மாவடிப்பள்ளிக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாப்பிள்ளை என்ற பதவியின் மவுசு உச்சத்தில் இருந்த காலம். மீனில் நடுத்துண்டு எனக்கு. வீட்டில் ஒரே ஒரு மெத்தைக் கதிரை, அதுவும் எனக்கு. மாமி மட்டும் என் கண்ணிலேயே படமாட்டார். கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு என் மனைவி ஸில்மியாவிடம், "புள்ள, மாப்பிள்ளைக்கு இன்னம் கொஞ்சம் சோறு வேணுமாண்டு கேளு" என்பார். நானும் திரைக்குக் கேட்கும்படி, "போதும் எண்டு சொல்லு" என்பேன். இப்படித்தான் எங்களுக்குள் போக்குவரத்து.

ஸில்மியாவின் காக்கா, அதாவது மூத்த சகோதரர், துபாயில் வேலை செய்கிறார். அவர் மாமா, மாமி, ஸில்மியா, நான் என்று எங்கள் நாலு பேரையும் அங்கே கூப்பிட்டு, உல்லாசக் கப்பலில் சுற்றுலாவும் பதிவு செய்துவிட்டார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கப்பல் துறையில் எங்களை இறக்கிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், உங்களெ நம்பித்தான் அனுப்புறன். உம்மாக்கு சீனி வருத்தம். நேரத்துக்குத் தின்னாட்டித் தலெ சுத்தி உழுந்திருவா. எப்பிடியாவது தின்ன வெச்சிருங்க."

"நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க மச்சான். மாமிர பொறுப்பு எனக்கு" என்றேன். நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் போயிருந்தது.

மாமிக்கும் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலை. "கப்பல்ல ஆரு அறுத்த இறைச்சியோ, என்னத்துல பொரிச்சதோ" என்று சொல்லி, ஊரிலிருந்தே ஒரு பை கட்டிக்கொண்டு வந்திருந்தார். சொந்த வயல் அரிசி, மாசிச் சம்பல், பொலித்தீனால் பலமுறை சுற்றிய கருவாடு, இவற்றோடு ஒரு ரைஸ் குக்கர். ஸில்மியா ஆசிரியை, எதையும் வாசித்துப் பார்க்கிறவள். "கப்பலுக்குள்ள குக்கர் உடமாட்டாங்களாம். டிக்கட்லயே போட்டிரிக்கி" என்றாள்.

"ஒனக்குக் கப்பலெப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தேன். (சிரித்த அந்த வாயை இன்றைக்கு நினைத்தாலும் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.)

கப்பல் துறை விமான நிலையம் போலவே இருந்தது, ஆட்கள் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் போல உடுத்தியிருந்தார்கள். சுமைகளை வாங்கும் இடத்தில் எங்கள் பெட்டிகளை எல்லாம் நானே முன்னின்று கொடுத்தேன். மாமி தன் பையை மட்டும் மடியோடு அணைத்துக்கொண்டிருந்தார். "கையில ஒண்டும் கொண்டு போகக்கூடாது. நாம போறதுக்கு முந்திப் பை அறைக்குப் போயிரும் எண்டு சொல்லு" என்று ஸில்மியா மூலமாகச் சொல்லி, அதையும் பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். மாமி அந்தப் பை போன திசையையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

கப்பலைக் கண்டதும் மாமா நின்றுவிட்டார். ஆயுள் முழுக்க வயல் செய்தவர், அதிகம் பேசமாட்டார். "மருமகன், நம்மட கல்முனைச் சந்தையெத் தூக்கித் தண்ணியில வெச்ச மாதிரியில்லியா இரிக்கி" என்றார். உள்ளே போனால் நடை முழுக்கச் சிவப்புக் கம்பளம். மாமா உடனே சப்பாத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கப்பலை அறிந்தவன் அதைக் கண்டு தயங்கலாமா? "ஓம், அதுதான் முறை" என்று நானும் கழற்றினேன். ஸில்மியா எங்களைத் திரும்பிப் பார்க்காமல் சப்பாத்தோடு முன்னால் நடந்தாள்.

அறை சின்னதானாலும் அழகாக இருந்தது. வெள்ளைத் துவாயை அன்னம் போல மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்கள். மாமி அந்த அன்னத்தைக் கலைக்க மனமில்லாமல் கட்டில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தார். லுஹர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. "கிப்லா எந்தப் பக்கம் மருமகன்?" என்று மாமா கேட்டார். சாய்ந்தமருதில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் அதுதான் கிப்லா, மக்கா இருக்கும் திசை. ஆகவே நானும் பல்கனியில் தெரிந்த கடலுக்கு முதுகைக் காட்டி, மாமாவையும் பக்கத்தில் நிறுத்தித் தொழுது முடித்தேன். பிறகு ஸில்மியா போனில் பார்த்து, கிப்லா வேறு பக்கம் என்றாள். திரும்பத் தொழுதோம். "பரவால்ல மருமகன், ரெண்டு தரம் தொழுதா நன்மையும் ரெண்டு" என்று மாமா சமாதானம் சொன்னார்.

பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. மாமியின் பை மட்டும் வரவில்லை. அறைக்குப் பொறுப்பான பையனைக் கேட்டேன். பாதுகாப்புப் பிரிவு பிடித்து வைத்திருக்கும், கீழ்த் தட்டுக்குப் போய்க் கேளுங்கள் என்றான். மாமி காலையில் குடித்த வெறுந்தேநீரோடு இருந்தார். துறையில் காக்கா வாங்கிக் கொடுத்த பணிஸைக்கூட, "பசிக்கல்ல" என்று தொடவில்லை. சீனி வருத்தத்துக்கான குளிசையை வேறு விழுங்கிவிட்டார். முதலில் சாப்பாடு, பிறகு பை என்று முடிவுசெய்து எல்லோரையும் மேல்தட்டுச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன்.

எவ்வளவு சாப்பாடு! ஹலால் என்று பெரிதாக எழுதியும் வைத்திருந்தார்கள். அது போதாதென்று ஒரு சமையல்காரரைப் பிடித்து, நீங்கள் முஸ்லிமா என்று விசாரித்தேன். அவர் கலிமாவைச் சொல்லிக் காட்டிய பிறகுதான் விட்டேன். சோறும் இறைச்சிக் கறியும் ஒரு பீங்கானில் போட்டு மாமியின் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடுகிறாரா என்று கண்காணிக்க நேர் எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

மாமி முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டார். "புள்ள, மாப்பிள்ளையெச் சாப்புடச் சொல்லு. எனக்குப் பசிக்கல்ல."

"மாமி தின்னாம நான் ஒண்டும் தொடமாட்டன்" என்று அறிவித்தேன். மாமா என்னைப் பெருமையாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஐஸ்கிறீம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, இனி வேறு யாரையும் பார்க்கத் தேவையில்லாத நிலையில் இருந்தார்.

சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எழுந்துபோய்ப் பொரித்த மீன் கொண்டுவந்தேன். திரும்பி வரும்போது மாமியின் கை சோற்றில் இருந்தது. நான் கிட்ட வந்ததும் கையைக் கடதாசியில் துடைத்துக்கொண்டார். பாவம், பிசைந்து பார்க்கிறார், மனம் ஒப்பவில்லை என்று நினைத்தேன். ஆட்டு நல்லி கொண்டுவந்தேன். அப்போதும் கை சோற்றில், நான் வந்ததும் மடியில். ரொட்டி, பருப்பு, இறால், ஏதோ மஞ்சள் நிறத்தில் ஒரு புடிங், எல்லாம் வந்து சேர்ந்தன. மேசையில் இடம் போதாமல் பக்கத்து மேசையையும் இழுத்தோம். பரிமாறுகிறவர் வந்து, உங்கள் ஆட்கள் இன்னும் எத்தனை பேர் வரவேண்டியிருக்கிறது என்று பணிவோடு கேட்டார்.

ஸில்மியா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். (புதுக் கல்யாணம். மேசைக்குக் கீழே மனைவியின் கால் பட்டால் புத்தி வேறு பக்கம்தான் போகும்.) நான் இளித்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இஞ்ச பாருங்க, வெளிய போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்களன்" என்றாள்.

"மாமி இப்பிடிப் பட்டினியில இரிக்கக்குள்ள நான் காத்து வாங்குறதா?" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னேன். மீண்டும் ஒரு மிதி. இந்த முறை அதில் காதல் இல்லை என்பது எனக்கே விளங்கியது.

அப்போது மாமி தண்ணீர்க் கிளாசைத் தூக்கினார். கை நடுங்கியது. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது. மச்சானுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அந்த மனுஷி விழுந்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பதற்றம் ஒரு பக்கம். சொந்த வயல் அரிசிச் சோறுதான் இதற்கு மருந்து என்று தோன்றியது. "பொறுங்க மாமி, நான் நம்மட குக்கரெக் கொண்டாறன்!" என்று எழுந்து ஓடினேன். ஸில்மியாவின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். என் வீரத்தை மெச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கீழ்த் தட்டில் பாதுகாப்புப் பிரிவின் அறையில் அயன் பெட்டிகளும் கேத்தல்களும் வரிசையாக இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள், பள்ளிக்கூட அதிபரின் அறைக்கு வெளியே நிற்கும் மாணவர்கள் மாதிரி நின்றார்கள். அதிகாரி மாமியின் பையைத் திறந்து, குக்கரை வெளியே எடுத்து, அதற்குள் இருந்த பொலித்தீனையும் பிரித்தார். கருவாட்டு வாசம் எழும்பியதும் வரிசை தானாகப் பின்வாங்கியது. தீ அபாயம், குக்கர் தரமுடியாது, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் இறக்கினேன். மாமியார், சீனி, காலையிலிருந்து சாப்பாடு இல்லை, கை நடுக்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். 'தலைசுற்றி விழுதல்' என்பதற்குச் சொல் வராததால் நடித்துக் காட்டினேன். கண்ணைச் செருகி, சுவரில் சாய்ந்து, மெல்லச் சரிந்து தரையில் அமர்ந்தேன். அதிகாரியின் முகம் மாறியது. உடனே தொலைபேசியை எடுத்தார். குக்கருக்குக் கப்டனிடம் அனுமதி கேட்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

வந்தது அனுமதி அல்ல. தள்ளுவண்டிக் கதிரையோடு ஓர் உதவியாளர், மருந்துப் பையோடு ஒரு தாதி. "எங்கே?" என்றார் அந்தத் தாதி. பிறகு எல்லோரும் ஓடினோம். முன்னால் நான், பின்னால் தள்ளுவண்டி, கடைசியில் அந்த அதிகாரி. வழியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எனக்காகச் சிலுவைக் குறி போட்டதையும் கண்டேன்.

சாப்பாட்டு மண்டபத்துக் கதவு திறந்தது. டக், டக் என்று ஒரு சத்தம். மாமி, அபாயாவின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, நல்லி எலும்பைப் பீங்கானில் தட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் கொண்டுவந்து குவித்த பீங்கான்கள் எல்லாம் காலி. ஏதோ கதை சொல்லி அவரே சிரித்தார், மாமாவும் ஸில்மியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மாமியின் சிரிப்பை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"நோயாளி யார்?" என்று தாதி கேட்டார். என் விரல் தானாக மாமியை நோக்கி நீண்டது.

மாமி என்னைக் கண்டார், தள்ளுவண்டியைக் கண்டார், எலும்பைப் போட்டுவிட்டு முக்காட்டை இழுத்தார். மண்டபமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தது. தாதி வந்த வேலையை முடிக்காமல் போகிறவராக இல்லை. மாமியின் விரலில் குத்தி அளந்து பார்த்தார், பிறகு காலிப் பீங்கான்களைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். சீனி குறையவில்லை, ஏறித்தான் இருக்கிறது, பயணம் முடியும்வரை இவருக்கு இனிப்பே கொடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மாமா தன் ஐஸ்கிறீம் கிண்ணத்தை மெதுவாக மேசைக்குக் கீழே கொண்டுபோனார்.

அவர்கள் போன பிறகு ஸில்மியா வெடித்தாள். "நீங்க எழும்பினாத்தானே உம்மா தின்னுவா! மாப்பிள்ளைக்கு முன்னுக்கு இருந்து உம்மா எப்பயாவது தின்டு கண்டிரிக்கிங்களா? அதெ உம்மாக்கு முன்னால நான் எப்பிடிச் சொல்ற?"

நான் கண்டதில்லை. ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா, தெரியும். என் உம்மாவும் தன் மருமகன்மார் முன்னால் சாப்பிடமாட்டார். ஆனால் அத்தனை மாதமும் வேளை தவறாமல் வயிறு முட்டத் தின்ற எனக்கு, திரைக்குப் பின்னால் நின்ற அந்த மனுஷி எப்போது சாப்பிடுகிறார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நான் சாப்பிட்டுவிட்டு அந்த மெத்தைக் கதிரையில் சாய்ந்து கதை அளந்த நாட்களில் எல்லாம் அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ! தள்ளுவண்டி கொண்டுவந்ததைவிட அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

"நான் மேல போய் நிக்கிறன்" என்று திரும்பினேன்.

"மாப்பிள்ளை."

ஸில்மியாவின் குரல் இல்லை. மாமிதான். நேராக, என்னிடம்.

"எங்க போறீங்க? நீங்களும் காலையில இரிந்து ஒண்டும் தின்னல்லதானே. இரிங்க."

இருந்தேன். மாமி எனக்கு எடுத்துப் போட ஒவ்வொரு பீங்கானாகத் தேடினார். எல்லாவற்றையும் அவரே முடித்திருந்தார். முக்காட்டுக்குள் சிரிப்பு குலுங்கியது. எழுந்துபோய்த் தன் கையால் சோறும் மீனும் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, விட்ட எலும்பைத் திரும்ப எடுத்தார். கப்பல் ஊதியது. கப்பல் கரையை விட்டு நகர்ந்ததுகூட எங்களுக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

அதன்பிறகு மாவடிப்பள்ளி வீட்டில் மாமி எங்களோடு ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார். ஆனாலும் சோற்றுப் பானை இறங்கினால், "மருமகன், கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்க. உங்கட மாமிக்குப் பசிக்கி" என்று மாமா சொல்லாமல் விடமாட்டார். விருந்தாளிகள் வந்தால் முழுக் கதையும் நடக்கும், நான் சுவரில் சரிந்து விழுந்த கட்டம் உட்பட. அதை இப்போது நடித்துக் காட்டுகிறவர் மாமி.

போன பெருநாளுக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமி எனக்குப் பக்கத்தில். "மாப்பிள்ளை, கேற்றடியில ஆரோ கூப்புடுறாங்க, பாருங்க" என்றார். எழுந்து போனேன். கேற்றடியில் ஒருவரும் இல்லை. தெருவில் ஒரு மாடுதான் நின்றது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து பார்த்தேன். என் பீங்கானில் இருந்த பொரித்த கோழிக்காலைக் காணவில்லை. மாமி எங்கேயோ பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தார்.