வெண்கலச் சாமிக்குத் துணி எங்கே?

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நம்பிய ஒரே மனிதர் என் பழைய முதலாளி. (நானே அவ்வளவு நம்பியதில்லை.)

செல்போனில் கேமரா வந்த புதிது. வேலம்பாளையத்தில் அவருடைய பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக் கடிதங்களுக்கு நான்தான் பொறுப்பு. அவர் புது வீடு கட்டியபோது, எங்களிடம் டி-சர்ட் வாங்கும் இத்தாலிக்காரர் ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பத்தைப் பரிசாக அனுப்பினார். கறுத்த தகட்டில், நீண்ட கழுத்தும் முறுக்கிப் பிழிந்த இடுப்புமாக நாலைந்து உருவங்கள் மங்கலாகத் தெரிந்தன. நானூறு வருஷத்துக்கு முன் ஓர் அரசர் தன் அந்தரங்க அறைக்காகச் செய்வித்த தெய்வ உருவங்களின் நகல் என்று கடிதம் சொன்னது.

“என்னங்க தம்பி எழுதியிருக்குது?”

அரசர், தெய்வம், தனியறை. மூன்றையும் கூட்டினேன்.

“ராஜா பூஜை ரூம்ல வெச்சுக் கும்பிட்ட சாமிங்க.”

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். “சாமி இப்படிக் கறுத்துக் கெடக்குதே” என்று முதலாளியம்மா வருத்தப்பட்டதும், கிரகப்பிரவேசத்தன்று காலையில் புளியோடு நானே உட்கார்ந்து தேய்த்தேன். கழுவியபோதுதான் தெரிந்தது, ஒருவர் மேலும் பொட்டுத் துணி இல்லை. வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. கைக்குக் கிடைத்த மல்லிகைச் சரம் எல்லாவற்றையும் சுற்றி, பூஜையறையில் கொண்டுபோய் வைத்தேன்.

தீபாராதனை நேரம். “சாமி மொகம் தெரியட்டுங்க” என்று ஐயர் பூவை மொத்தமாக விலக்கினார். கற்பூர வெளிச்சத்தில் அத்தனையும் பளபளத்தது. கும்பிட்ட கைகள் அப்படியே நின்றன.

முதலாளியின் மாமனாருக்குக் காது மந்தம். அவருக்கு ரகசியமாகப் பேச வராது.

“ஏனுங்க மாப்ள, சாமிக்குத் துணி எங்கீங்க? பனியன் கம்பெனிதான வெச்சிருக்கீங்க?”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “தம்பி, அந்தக் கடுதாசிய மறுக்காப் படிங்க.”

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். “அது... பூஜை ரூம் இல்லீங்களாட்ட இருக்குதுங்க. ராஜா கதவச் சாத்திட்டு, தனியா உக்காந்து பாக்கற ரூமுங்க.”

முதலில் சிரித்தது முதலாளியம்மாதான். அந்தச் சிரிப்புத்தான் என் வேலையைக் காப்பாற்றியது.

பிறகு எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் கம்பெனியில் விசாரித்திருக்கிறார்கள். “தங்கமான பையனுங்க” என்ற முதலாளி, நடந்ததையும் ஒன்று விடாமல் சொல்லி அனுப்பினார். இன்றைக்கும் மகளின் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தில் ஏதாவது கடிதம் வந்தால், என் மனைவி அதை வெடுக்கென்று வாங்கிக்கொள்வாள்.

“அப்பாகிட்டக் குடுக்காத கண்ணு. கற்பூரம் காட்டச் சொல்லீருவாங்க.”