பாலூட்டும் அறையும் கொம்பு முளைத்த குட்டியும்

ஒரு காட்டில் மேய்ச்சல் அலுவலகம் ஒன்று இருந்தது. ஏரிக்கரைப் புல்லில் வாய் வைக்க வேண்டுமானால் அங்கே கையெழுத்து வாங்க வேண்டும். அதற்காக ஒரு பெண்மான் தன் குட்டியோடு வரிசையில் நின்றது. அந்தக் குட்டி அடியேன்தான். என்னிடம் வீரதீரம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பசித்தால் கத்துவேன், அவ்வளவுதான் தெரியும்.

கத்தினேன். வராந்தா கோடியில் 'பாலூட்டும் அறை' என்று புதுப் பெயிண்டில் எழுதிய கதவு ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்தால் வரிசையில் இடம் போகாது, முறை வந்ததும் கூப்பிடுவார்கள் என்று கீழே போட்டிருந்தது. கதவில் பூட்டு. அம்மா தலைமை எழுத்தர் கரடியிடம் போனாள்.

"சார், குட்டி அழுவுது. அந்த ரூமைக் கொஞ்சம் தொறந்து விட்டீங்கன்னா..."

"திறப்பு விழாவே இன்னும் நடக்கலம்மா. அதுக்குள்ள உள்ள போனா எப்படி? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

அம்மா வெளியே நின்ற ஜீப்புக்குப் பின்னால் போய் எனக்குப் பால் கொடுத்தாள். திரும்பி வந்தால் அவள் இடத்தில் ஒரு காட்டுப்பன்றி. கடைசியில் போய் நின்றாள். எங்கள் முறை வருவதற்குள் கையெழுத்துப் போடும் அதிகாரி வெளியூர் கேம்ப் கிளம்பிவிட்டார்.

அடுத்த தடவை போனபோது திறப்பு விழா முடிந்திருந்தது. அறைக்குள் உடைந்த நாற்காலிகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள்.

"ஏலம் விடற வரைக்கும்தாம்மா" என்றார் கரடி. "தற்காலிகம்."

மறுபடி ஜீப், மறுபடி கடைசி இடம், மறுபடி கேம்ப்.

பிறகு நாற்காலிகள் போய் கேரம் போர்டு வந்தது. ஊழியர்கள் அங்கேதான் சாப்பிட்டார்கள். கரடி சார் தேன் வழியும் வாயோடு எட்டிப் பார்த்து, "எங்களுக்கும் பசிக்கும்லம்மா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. எங்கள் இனத்துக்கு எல்லாமே நியாயமாகப் படும்.

அதற்கப்புறம் ஏசி போட்டு கம்ப்யூட்டரை வைத்தார்கள். மிஷின் சூடு தாங்காதாம், நாங்கள் வெயிலில் பழகினவர்களாம். அதற்குள் நான் பால்குடி மறந்திருந்தேன், கொம்பும் முளைத்திருந்தது. கையெழுத்துதான் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் சிங்கராஜா பாலூட்டும் அறையை ஆய்வு செய்ய வருகிறார் என்று தகவல் வந்தது. கம்ப்யூட்டர் வெளியேறியது. திரையும் தொட்டிலும் வந்தன. கரடி சார் வேர்க்க விறுவிறுக்க வரிசைக்கு ஓடிவந்தார். கைக்குட்டியோடு ஒருத்தரும் இல்லை. அவர் கண் எங்கள் மேல் விழுந்தது.

"உள்ள வாம்மா."

"சார், இவனுக்குக் கொம்பு மொளைச்சிடுச்சு."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா. கையெழுத்து இன்னைக்கே வாங்கித் தர்றேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் மானம் உண்டு. அதை மடித்து வைத்துவிட்டு மண்டி போட்டேன். மடியில் வாய் வைத்தபோது கொம்பு அவள் வயிற்றில் குத்தியது. அவள் அசையவில்லை.

சிங்கராஜா உள்ளே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு பெரிய குட்டியா?"

"எல்லாம் இந்த ரூம்ல குடிச்ச பால்தாங்க ராஜா" என்றார் கரடி.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்தார்கள். கையெழுத்தும் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. பால்குடிக்கும் குட்டி இருக்கும் வரைதான் அனுமதி செல்லும், குட்டியை வருடா வருடம் ராஜா முன்னால் நேரில் காட்ட வேண்டும்.

அம்மா இப்போது ஏரிக்கரையில் வயிறார மேய்கிறாள். நான் மூன்று குட்டிகளுக்குத் தகப்பன். வருடத்துக்கு ஒரு நாள் குடும்பத்தோடு அலுவலகம் போகிறோம். கரடி சார் மரியாதையாகக் கதவைத் திறந்துவிடுகிறார், நான் உள்ளே போய் மண்டி போடுகிறேன். என் குட்டிகள் பசித்துக் கத்தினால் என் மனைவி வெயிலில் நின்று பால் கொடுக்கிறாள். என்ன செய்வது, அறை காலியில்லை.

நீதி: குழந்தைகளே, ராஜா ஆய்வுக்கு வரும் நாள் பார்த்துப் பசிக்கப் பழகுங்கள்.