கிளியர் பொத்தானுக்கு ஒரு நல்ல இடம்

என்னால் சும்மா இருக்க முடியாது. சோம்பேறிகளால் உலகத்துக்கு இதுவரை பெரிய ஆபத்து எதுவும் வந்ததில்லை. என்னைப் போல் எதையாவது அழகுபடுத்தத் துடிக்கிற ஆட்களால்தான் வந்திருக்கிறது.

அப்போது தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் நான் தற்காலிக லேப் உதவியாளர். மைக்ரோபிராசஸர் கிட்களெல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்து, ஒரு பொத்தானை அமுக்கினால் நாலு உள்ளே போய்விடும். அதனால் கிட் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டர் திரையிலேயே செய்துகாட்டும் ஒரு சிமுலேட்டரில்தான் பிள்ளைகள் படித்தார்கள். எப்போதோ படித்துப் போன ஒரு மாணவர் எழுதியது. சாம்பல் நிறம், சதுரப் பொத்தான்கள். பார்த்தாலே எனக்குக் கை அரிக்கும்.

என் தங்கை ஜெனிட்டா அங்கேதான் இறுதியாண்டு படித்தாள். சென்னையில் வேலை தயாராக இருந்தது. ஆனால் இந்த லேபில் மட்டும் அரியர். இந்த முறை தேறாவிட்டால் அந்த வேலை இல்லை. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால், சிமுலேட்டரை அழகாக்கப் போகிறேன் என்றேன்.

"அதுல கை வைக்காதண்ணே. எனக்கு அது பாக்காமலே வரும்" என்றாள். (ரசனை போதாது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.)

இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடல்நீலப் பின்னணி கொடுத்தேன். அடித்த வரியைச் சேமித்து அடுத்த வரிக்குப் போகும் 'நெக்ஸ்ட்' பொத்தான் வலது கீழ்மூலையில் முடங்கிக் கிடந்தது, அதை மேலே கொண்டுபோனேன். காலியான மூலை கண்ணை உறுத்தியதால், அதுவரை அடித்ததையெல்லாம் அழிக்கும் 'கிளியர்' பொத்தானை அங்கே வைத்தேன், உருண்டையாக, சிவப்பாக. அமுக்கியதும் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் நச்சரிப்பையும் எடுத்துவிட்டேன். முப்பது கம்ப்யூட்டரிலும் பழையதன் மேலேயே ஏற்றினேன்.

எங்கள் பிள்ளைகள் திரையைப் பார்த்து வேலை செய்வதில்லை. கண் விடைத்தாளில் இருக்கும், இடது கை கீபோர்டில், வலது கை நெக்ஸ்ட் இருந்த கீழ்மூலையில் நிறுத்திய மவுஸில். புரோகிராமில் ஒரு வரி அடிப்பது, ஒரு கிளிக். விடை வரும்போதுதான் தலை நிமிரும். ஒரு வருடமாக இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

பரீட்சையன்று இருபது நிமிடம் லேப் முழுக்க டக் டக் என்று சத்தம். ஒவ்வொரு டக்குக்கும் அதுவரை அடித்தது அத்தனையும் போய்க்கொண்டிருந்தது. நெக்ஸ்ட்டை அமுக்கினாலும் கிளியரை அமுக்கினாலும் அடிக்கிற பெட்டி காலியாகும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் கல்யாணவீட்டுக்காரன் மாதிரி உலாத்திக்கொண்டிருந்தேன்.

ஜெனிட்டா முதலில் முடித்தாள். விடை பூஜ்யம். மறுபடி அடித்தாள், மறுபடி பூஜ்யம். நிமிர்ந்து திரையைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அதற்குள் முப்பது திரையிலும் பூஜ்யம்.

ஜன்னலுக்கும் கதவுக்குமாக நாலு நடை நடந்தேன். சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் அவள் வேலை. ஐந்தாவது நடையில், நாசரேத் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த மேடம் முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன்.

"யாரையும் கேக்காம ஏன் தம்பி மாத்துனீங்க?"

"அழகா இருக்கும்னு நெனச்சேன், மேடம்."

"அழகாத்தான் இருக்கு" என்றவர், பொத்தான் மாறிய விஷயத்தை எல்லோருக்கும் சொல்லி அரைமணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார். அந்த அரைமணி நேரமும் என்னை வராந்தாவில் நிறுத்திவைத்தார்.

ஜெனிட்டா தேறினாள். சென்னை போனாள். என் வேலை தப்பியது, லேப் பாஸ்வேர்டை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மாதா கோயிலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. நான் தாலியை எடுத்தேன். முடிச்சுப் போட மணப்பெண் பின்னால் நின்ற ஜெனிட்டா, பங்குச் சாமியார் கையில் மைக் இருப்பதை மறந்து சொன்னாள்: "பாத்துக் கட்டுண்ணே. அழகா இருக்கும்னு எடத்த மாத்திராத."

முதலில் சிரித்தவர் சாமியார். இன்றும் வீட்டில் எதையாவது இடம் மாற்ற நான் கை நீட்டினால் போதும், என் மனைவி கல்யாண வீடியோவைப் போட்டுவிடுகிறாள்.