முதல் வரியில் அரசர் ஆணை

ஒரு காட்டில் சிங்கம் ஆண்டது என்றுதான் கதை சொல்வார்கள். நம் காட்டில் சிங்கம் கையெழுத்து மட்டும் போட்டது. ஆண்டது செயலர் நரி. அந்த வருஷம் மழை பொய்த்து, மிச்சமிருந்தது ஒரே ஒரு குளம். யார் எந்த நாளில் தண்ணீர் குடிக்கலாம் என்று நீர்முறைப் பட்டியல் போட்டு அதைக் கணினியில் ஏற்றினார்கள். அரசுக் குகையில் ஏழு கணினி, குளக்கரைக் காவலில் ஒன்று, எல்லாவற்றையும் வயரால் இணைத்தார்கள். காடு முன்னேறிவிட்டது என்று சொல்லிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

வயர்களுக்குப் பொறுப்பு ஈட்டியப்பன் என்கிற முள்ளம்பன்றி. அவனுக்கு இரண்டு குட்டிகள். ஒன்பது நாளுக்கு ஒருமுறை அவன் குடும்பத்தின் முறை வரும். போன தடவை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, காவல் நின்ற காட்டெருமை திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. அவன் பெயர் இருந்த இடத்தில் சிறுத்தையின் மைத்துனர் பெயர் இருந்தது. பக்கத்தில் 'நீச்சல்' என்று குறிப்பு வேறு. குட்டிகள் அழுதுகொண்டே திரும்பி நடந்தன.

அவனுக்குக் காரணம் தெரியும். எட்டுக் கணினியில் எதிலிருந்தும் யார் வேண்டுமானாலும் பட்டியலைத் திறந்து பெயரை மாற்றலாம். ஒரு ஃபயர்வால் வேண்டும் என்று மனு எழுதினான். எந்தக் கணினி எதைத் தொடலாம் என்று நடுவில் நின்று பார்க்கும் பெட்டி அது. பக்கத்துக் காட்டில் ஒன்று இருக்கிறது என்று மனுவின் ஓரத்தில் எழுதியிருந்ததால் உடனே அனுமதி கிடைத்தது.

பெட்டிக்கு மூன்றே விதிகள் எழுதினான். ஒன்று, பட்டியல் எழுதும் ஆமையின் கணினி பட்டியலைத் திருத்தலாம். இரண்டு, காட்டெருமையின் கணினி அதைப் பார்க்கலாம். மூன்று, யாருக்கும் அனுமதி இல்லை. தடை போடும் உரிமை அரசருக்கு மட்டுமே என்பதால் மூன்றாவதன் தலையில் 'அரசர் ஆணை' என்று எழுதினான்.

நரி தாளை வாங்கிப் படித்தது. அதன் முகம் கோணியது.

"ஏம்ப்பா, ஆமை பேரு உச்சியில இருக்கு. அரசர் ஆணை அடியில கெடக்கு. நீ எந்தக் காட்டுல வேலை பார்க்கிற?"

"பெட்டி மேலேயிருந்து கீழே படிக்கும்யா. எது முதல்ல பொருந்துதோ அதோட நின்னுடும். கீழே இருக்கிறதப் பார்க்காது."

"அரசர் ஆணையோட நின்னுட்டா என்ன தப்பு? அதுக்கு மேல படிக்க என்ன இருக்கு?"

"யாருமே உள்ள போக முடியாதுங்கய்யா. ஆமையும் போக முடியாது. நானும் போக முடியாது."

"எதுத்துப் பேசாத. பதவி வரிசைப்படி எழுது. அரசர், நான், சிறுத்தை, யானை, அப்புறம் சிறுத்தையோட மைத்துனர். ஆமையைக் கடைசியில போடு."

ஈட்டியப்பன் இன்னொரு முறை விளக்கினான். படம் போட்டும் காட்டினான். நரி கொட்டாவி விட்டது. அவன் நொந்துபோய், சொன்னபடியே பதினான்கு வரி எழுதி, ஒவ்வொரு தாளிலும் நரியின் கையெழுத்தும் சிங்கத்தின் பாதப் பதிவும் வாங்கிக்கொண்டான். பிறகு பெட்டியில் ஏற்றினான். ஏற்றிய மறுநொடி அவன் கணினியே அவனை வெளியே தள்ளியது.

மறுநாள் அவனுடைய ஒன்பதாம் நாள். இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தபடிதான் குட்டிகளை அழைத்துப் போனான். கரையில் மான், முயல், காட்டுப்பன்றி எல்லாம் திகைத்து நின்றன. திரையில் எதுவும் தெரியவில்லை. காட்டெருமை தன் பணிவிதியை எடுத்து மெதுவாகப் படித்தது.

"பட்டியலைப் பார்த்து, முறை இல்லாதவரைத் திருப்பி அனுப்பவும்னு இருக்கு. பட்டியலைப் பார்க்காம ஒருத்தரைத் திருப்பி அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. மேலிடத்துல கேள்வி வரும்." சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றது.

குட்டிகள் வயிறு உப்பும்வரை குடித்தன. ஈட்டியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கரை முழுக்கக் கூட்டம் நின்றதில் மைத்துனருக்கு நீந்த மட்டும் இடம் கிடைக்கவில்லை. நாலு நாள் எல்லோரும் குடித்தும் குளம் விரலளவுகூடக் குறையவில்லை. இத்தனை நாளும் தண்ணீர் யார் நீச்சலில் போனது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

ஐந்தாம் நாள் நரி அவனைக் கூப்பிட்டு அனுப்பியது. காட்டுப்பன்றிக்குப் பின்னால் வரிசையில் நின்றதில் அதன் வாலெல்லாம் சேறு.

"உடனே சரி பண்ணு."

"அஞ்சு நிமிஷ வேலைங்கய்யா. பெட்டியில நேரா வயரைச் செருகி அரசர் ஆணையை அடியில இறக்கணும். அரசர் பதிவு வெச்ச தாளாச்சே, நானா மாத்த முடியாது. முதல் வரியில அரசர் ஆணை இருந்ததுதான் தப்புன்னு ஒரு கோப்பு எழுதி, அவர்கிட்டயே பாதம் வாங்கிக் குடுத்தீங்கன்னா போதும்."

நரி குகையின் உட்பக்கம் எட்டிப் பார்த்தது. அரசருக்குத் தண்ணீர் எப்போதும் குகைக்கே வந்துவிடும் என்பதால் அவருக்கு எந்தக் குறையும் இல்லை; பல் குத்திக்கொண்டிருந்தார். முன்பு இருந்த செயலர், அரசரின் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டப் போன அன்று மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. நரி வெகுநேரம் வாலைத் துடைத்தது.

"இருக்கட்டும்," என்றது. "பாதுகாப்புன்னா கொஞ்சம் அசௌகரியம் இருக்கத்தான் செய்யும்."

அந்தக் கோப்பு இன்னும் எழுதப்படவில்லை. ஈட்டியப்பன் குட்டிகளோடு தினமும் குளத்துக்குப் போய் வருகிறான்.

நீதி: மேலதிகாரி முட்டாள்தனமாக எதைச் சொன்னாலும் குறுக்கே பேசாமல் அப்படியே செய்க, செய்வதற்கு முன் கையெழுத்து வாங்கிக்கொள்க.