பெயரைக் கையில் கொண்டுவரவும்

யிகால் ஒரு கையில் மகளையும் மறு கையில் மகளின் பெயரையும் பிடித்துக்கொண்டு மழலையர் பள்ளி வாசலில் வந்து நின்றார். மகள் அழுதுகொண்டிருந்தாள். பெயர் மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தது.

மகள் பெயர் ரகேஃபெத். குளிர்காலத்தில் கலிலேயா மலைச்சரிவுகளில், பாறை இடுக்குகளில் தலைகவிழ்ந்து பூக்கும் இளஞ்சிவப்புப் பூவுக்கும் அதே பெயர்தான். அதைக் கிழங்கோடு தோண்டி, பழைய பெயின்ட் டப்பாவில் வைத்து எடுத்து வந்திருந்தார் யிகால்.

"எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று நப்பாசையோடு கேட்டாள் ஆசிரியை ஸ்மதார்.

"கடையா? மலை முழுக்கச் சும்மா கிடக்குது" என்றார் யிகால், பெருமையாக.

ஸ்மதார் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். இந்த நாட்டில் வரி ஏய்த்தவனை மன்னித்துவிடுவார்கள், காட்டுப் பூவைப் பறித்தவனை மன்னிக்க மாட்டார்கள். சட்டம் உண்டு, அபராதம் உண்டு. அதற்கும் மேலே அக்கம்பக்கத்தாரின் பார்வை உண்டு. பேச்சு வந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே 'பறிக்காதே' என்பதுதான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தது சாட்சாத் ஸ்மதார்.

வினையை வரவழைத்ததும் அவள்தான். மரங்களின் புத்தாண்டு விழாவுக்காகப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தாள்: 'இயற்கையின் பெயர் கொண்ட பெண் குழந்தைகள் தங்கள் பெயரைக் கையில் கொண்டுவரவும்.' ஏதோ ஒரு படம் வரைந்து எடுத்து வருவார்கள் என்று அவள் நினைத்தாள். ஆனால் திராட்சைக் கொடியின் பெயர் கொண்ட கெஃபெனின் அம்மா அன்று மாலையே ஒரு நிஜக் கொடியை வெட்டி, படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். ஒருவர் கொடி கொண்டுவந்தால் மற்றவர் காகிதமா கொண்டுவருவார்? தாமார் வீட்டில் பேரீச்சங்கன்றுக்கு ஆளனுப்பினார்கள். தல் என்றால் பனித்துளி. தல்லின் அப்பா விடிகாலை எழுந்து கார் கண்ணாடியிலிருந்து வழித்தெடுத்த பனியை அரை டம்ளர் கொண்டுவந்திருந்தார்.

வேறொரு நாளாக இருந்தால் ஸ்மதாரும் சிரித்திருப்பாள். இன்று முடியாது. மூன்று வருடமாக ஒவ்வொரு கோடையிலும் அவள் வேலை போய், பள்ளி திறக்கும்போது திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, மேற்பார்வையாளர் ஸபாரி இன்று காலை வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அதில் அவருடைய முதல் பெயர்கூட இல்லை. பல் மருத்துவரையே முதல் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊரில், குடும்பப் பெயரோடு வரும் ஆளை நினைத்தாலே உதறல் எடுக்கும். அதிகாரிகள் எங்கேயும் பத்து மணிக்குத்தான் வருவார்கள் என்பது ஸ்மதாரின் கணக்கு. இப்போது மணி எட்டு.

டப்பாவைப் பிடுங்கி, கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியில் தள்ளி மூடினாள். ரகேஃபெத் அழுகையை நிறுத்தினாள். நேராகப் போய் அலமாரிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிற பெற்றோருக்கெல்லாம் அறிவித்தாள்.

"இதுக்குள்ளதான் எங்கப்பா பறிச்ச பூ இருக்கு."

வழக்கமாக வரும் உதவியாளருக்குக் காய்ச்சல். மாற்று ஆள் அனுப்புவதாக வட்டார அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, கொஞ்சம் பருமனான, நரைத்த முடியை ஏனோதானோவென்று கட்டிய ஒரு அம்மாள் அந்த நேரத்தில் உள்ளே வந்தார். பெயர் யோனா என்றார். யோனா என்றால் புறா, நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டே ஸ்மதார் ஏப்ரனை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள். மேற்பார்வையாளர் வருவதற்குள் அந்த டப்பா கண்ணில் படாத இடத்துக்குப் போயாக வேண்டும்.

"அவங்க அவ்வளவு பொல்லாதவங்களா?" என்று யோனா கேட்டார்.

"பக்கத்து ஊர்ல, அவங்க கேட்ட கேள்வியில ஒரு டீச்சர் அழுதேவிட்டாங்களாம்."

யோனா உச்சுக்கொட்டிவிட்டு, டப்பாவைப் பொம்மை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பொம்மைக்குப் பக்கத்தில் போர்வை போர்த்திப் படுக்க வைத்தார். வேலை தெரிந்த மனுஷி என்று ஸ்மதாருக்குத் தெம்பு வந்தது. அது ஐந்து நிமிடம் நீடித்தது.

அயாலாவின் அப்பா பென்ஸி ஒரு வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்தார். அயாலா என்றால் பெண்மான்.

"மானுக்கு எங்கே போறது ஸ்மதார்? இது மானுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. கொம்பெல்லாம் இருக்கு பாருங்க."

ஆட்டைக் கட்டச் சொல்ல வாயெடுப்பதற்குள், தெவோராவின் அப்பா கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார். அவர் தேனீ வளர்ப்பவர். தெவோரா என்றால் என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி நன்றாக மூடியிருக்கிறது, பயமே வேண்டாம் என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

ஸ்மதார் ஆட்டுக் கயிற்றை யோனாவிடம் கொடுத்து, எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள் என்றாள். தேனீப் பெட்டியைப் பழ மேசையின் ஓரத்தில் வைக்கச் சொன்னாள். மேசையில் விழாவுக்கான அத்தியும் பேரீச்சையும் பாதாமும் உலர்திராட்சையும் குவிந்திருந்தன. ஆட்டுக்கு அதைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம் போய்விட்டது. யோனாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேசை மேல் பாய்ந்தது. பெட்டி ஆடியது, மூடி நகர்ந்தது, ஐந்தாறு தேனீக்கள் வெளியே வந்து விழாவில் கலந்துகொண்டன.

பிள்ளைகளை முற்றத்துக்கு ஓட்டி, தேனீக்களைத் தெவோராவின் அப்பா கெஞ்சிக் கூத்தாடி உள்ளே அனுப்பி, தல்லின் அப்பாவுடைய அரை டம்ளர் பனி யார் காலிலோ கொட்டி, ஒருவழியாக மூச்சுவிட்டபோது ஸ்மதார் பொம்மை வீட்டைப் பார்த்தாள். ஆடு அதற்குள் தலையை விட்டிருந்தது. போர்வை தனியே கிடந்தது. பூவும் இல்லை, இலையும் இல்லை. மொட்டைக் கிழங்கு மட்டும் மிஞ்சியிருந்தது. யோனா ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறு கையால் கிழங்கை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது மணி பத்து. பச்சை ஜாக்கெட் போட்ட ஒரு பெண் கையில் கோப்போடு உள்ளே வந்தாள். முகத்தில் சிரிப்பின் சுவடு இல்லை.

ஸ்மதார் தலைமுடியிலிருந்த உலர்திராட்சையைத் தட்டிவிட்டு ஓடினாள். இங்கே குழந்தைகள் தங்கள் பெயரைத் தொட்டுப் பார்த்துக் கற்கிறார்கள் என்றாள். செயல்வழிக் கல்வி என்றாள். ஆட்டைக் காட்டி அதையும் செயல்வழி என்றாள். வந்தவள் எதற்கும் தலையாட்டவில்லை.

ரகேஃபெத் நடுவில் புகுந்தாள். "வந்துட்டீங்களா? நான்தான் போன் பண்ணேன்."

வந்தவள் கோப்பைத் திறந்தாள். "நான் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துல காவலரா இருக்கேன். நேத்து சாயங்காலம் ஒரு குழந்தை கூப்பிட்டு, என் பேரை அப்பா மலையிலேருந்து திருடிட்டார்னு சொல்லுச்சு. விலாசம் கேட்டா இந்தப் பள்ளிக்கூடத்தைச் சொல்லுச்சு. யார் அந்த அப்பா?"

சுவரில் பெரிய எழுத்தில் அந்த அலுவலகத்தின் எண்ணை ஒட்டி, பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தது யார் என்று சொல்ல வேண்டுமா? விழா பார்க்கத் தங்கிவிட்ட யிகால் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும், ரகேஃபெத்தின் உதடு துடித்தது.

ஸ்மதாருக்கு அந்த உதட்டைப் பார்க்க முடியவில்லை. தன் பெயரில் ஒரு குற்றம் பதிவானால் நிரந்தர வேலைக்கு முழுக்குத்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"அவரை விட்டுடுங்க. பேரைக் கையில கொண்டுவாங்கன்னு எழுதினது நான். பூவை ஒளிச்சு வச்சதும் நான். என் பேர்ல எழுதிக்கோங்க."

"பூ எங்கே?"

எல்லோரும் ஆட்டைப் பார்த்தார்கள். அதன் உதட்டோரத்தில் ஒரு இளஞ்சிவப்பு இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கப் பார்க்க அதையும் நக்கி உள்ளே தள்ளியது.

காவலர் கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். ஆட்டுக்கு அபராதம் எழுதத் தன்னிடம் படிவம் இல்லை என்றாள். யோனா பையிலிருந்து கிழங்கை எடுத்து நீட்ட, அதை இன்றைக்கே அப்பாவும் மகளும் எடுத்த இடத்திலேயே நட்டுவிட வேண்டும், மறுமுறை என்றால் கதை வேறு என்று எச்சரித்துவிட்டு, போகிற போக்கில் இரண்டு அத்திப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். யிகால் கிழங்கை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு மகளுக்குப் பின்னால் மலைப்பக்கம் நடந்தார்.

ஸ்மதார் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, ஒரு பக்கம் அழுகை வந்தது. ஆட்டோடு நின்றுகொண்டிருந்த யோனாவைப் பார்த்தாள்.

"அந்த ஸபாரி மட்டும் இந்தக் கூத்தைப் பார்த்திருந்தா, இந்நேரம் நான் பெட்டியைக் கட்டியிருப்பேன். நீங்க இல்லேன்னா நான் தொலைஞ்சேன் யோனா. நாளைக்கும் வருவீங்கல்ல?"

"நாளைக்கு நான் வேற பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பண்ணப் போகணும் ஸ்மதார்" என்றார் யோனா. "முதல்ல இந்த ஆட்டை யாராவது பிடிங்க, உங்க வேலையை நிரந்தரமாக்குற தாள்ல கையெழுத்துப் போட எட்டு மணியிலேருந்து எனக்கு ஒரு கை ஒழியல."