அரைக்கியருக்கு லைசென்ஸ் கொடுக்கக் கூடாது

என் மதிப்புக்கும், சில வாரங்களாக என் கோபத்துக்கும் உரிய மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்காவுக்கு முழங்கால் வலியைத் தவிர மற்றதெல்லாம் சௌகரியம். எனக்கு உங்களைத் தவிர மற்றதெல்லாம் சௌகரியம். அங்கே நீங்களும் தங்கையும் குழந்தைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் தொலைக்காட்சிக்குத் தொடர் எழுதப் போகிறீர்கள் என்றதும் இந்தக் குடும்பத்தில் முதலில் சந்தோஷப்பட்டவன் நான். போன வருடம் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, "அத்தான், உங்க வேலையப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக மைதானத்தில் நின்று நான் தின்ற தூசி, குடித்த வெயில் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். ரிவர்ஸ் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் கம்பத்தை உரசிவிட்டு "உரசவே இல்ல சார்" என்று சத்தியம் செய்கிறவர்களை என்ன செய்வது? அதற்காகத்தான் கம்பத்தின் தலையில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைத்தேன். ஒரு சொட்டு சிந்தினாலும் நான் வாதாட மாட்டேன், கத்த மாட்டேன். "அடுத்த ஆளு!" என்பேன். அவ்வளவுதான். அந்த டம்ளர் என் சொந்த ஏற்பாடு. நீங்கள் கண்ணை அகல விரித்துக் கேட்டீர்கள். நேர்மையான ஓர் அதிகாரியைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளை எழுதப் போகிறான் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தெருவில் ஒருவரை விடாமல் சொன்னேன். முதல் பகுதி வந்த அன்று எங்கள் கூடத்தில் நாற்காலி போதாமல் மாடிப்படியிலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

தொடர் ஆரம்பித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதாநாயகன் அதிகாரி இல்லை. மெத்தைக் கடையில் மெத்தை சுமக்கிற ஒருவன். கியரை மாற்றும்போது பாதியில் விட்டுவிடுவதால் எல்லாரும் அவனை அரைக்கியர் என்று கூப்பிடுகிறார்கள். லைசென்ஸ் வாங்கினால் கடை வேனை ஓட்டலாம், தோள்பட்டை பிழைக்கும். அதற்காகத் தேர்வுக்கு வருகிறான், தோற்கிறான், மறுபடி வருகிறான், மறுபடி தோற்கிறான். சரி, உழைப்பாளியாவது என்று பார்த்தால் அதுவும் இல்லை. விற்பனைக்கு வைத்த மெத்தையிலேயே படுத்துக் குறட்டை விடுகிறான். பாஸாகிவிட்டேன் என்று பெண்டாட்டியிடம் பொய் சொல்கிறான். கண்ணாடி போடாமல் தேர்வுக்கு வந்துவிட்டு வெயில் மேல் பழி போடுகிறான். இப்படிப்பட்டவனுக்கு எதிரில் நீங்கள் நிறுத்தியிருக்கும் ஆள் யார்? முறுக்கு மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயில் விசில், கையில் டம்ளர். "அடுத்த ஆளு!" என்று அவன் கத்தினானே, அப்போது கூடத்தில் இருந்த அத்தனை தலையும் டிவியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. மாடிப்படியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் மீசைகூட வைத்ததில்லை, மைத்துனரே!

அன்று ஆரம்பித்தது என் கஷ்ட காலம். பல் பிடுங்கப் போனேன். பல் டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, உள்ளே இரண்டு கருவிகளை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு கேட்கிறார்: "நீங்கதானே அந்த டம்ளர் வெச்ச ஆளு? ஏன் சார் அந்தப் பாவப்பட்டவனப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?" வாய் நிறைய இரும்பை வைத்துக்கொண்டு நான் என்ன விளக்கம் சொல்வது? "ஆ, ஆ" என்றேன். மரத்துப் போக ஊசி போட்டதாகச் சொன்னார். எனக்கு என்னவோ எல்லாமே தெரிந்தது. முடி வெட்டுகிறவர் பேச்சே இல்லாமல் வெட்டுகிறார். இத்தனை வருடமாக வாய் ஓயாமல் பேசியவர் திடீரென்று பேசாவிட்டால், கழுத்தருகே கத்தி வரும்போது மனுஷனுக்குப் பயம் வராதா?

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் போயிற்று. நான்காம் வாரம் அரைக்கியர் ரிவர்ஸ் எடுத்தபோது டிவியை நிறுத்தி வைத்து, பின்சக்கரம் எங்கே தப்பாகத் திரும்பியது என்று எல்லாருக்கும் புரியட்டுமே என்ற நல்ல எண்ணத்தில், சிவப்புப் பேனாவால் திரையின் மேலேயே ஒரு பெருக்கல் குறி போட்டேன். அது அழியாத மை என்று எனக்கு யார் சொன்னார்கள்? இப்போது செய்தி வாசிக்கிற பெண், மழை வருமா என்று சொல்கிறவர், சோப்பு விளம்பரத்துக் குழந்தை என்று யார் வந்தாலும் முகத்தில் பெருக்கல் குறி. உங்கள் அக்கா திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே போட்டாள். "ஏன், கண்ணுல படறவங்க எல்லாரையும் ஃபெயில் போட்டாத்தான் உங்களுக்குத் தூக்கம் வருமா?" என்றாள்.

நான் நிதானமாகத்தான் கேட்டேன். "ஒழுங்கா ஒரு வேலையும் தெரியாதவன். சோம்பேறி. பொய்யன். அவன் தோக்கும்போதெல்லாம் நீ ஏன் அழற?"

அதற்கு உங்கள் அக்கா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள். "எல்லாத்தையும் சரியாச் செய்யற மனுஷன கல்யாணம் ஆன நாள்லேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். டிவியிலயும் அதையே பாக்கணுமா?"

நான் சரியாகச் செய்ததெல்லாம் ஒரு குற்றப் பட்டியல் மாதிரி அவள் வாயிலிருந்து வருகிறது! நேரத்துக்கு வந்தேன், நேரத்துக்குச் சாப்பிட்டேன், ஒருநாளும் சாவியைத் தொலைத்ததில்லை. அந்த மெத்தைக்காரன் சாவியைத் தொலைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஏறி மாட்டிக்கொண்டபோது அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் வீட்டில், என் டிவியில், என் நாற்காலிக்கு எதிரில் வந்து ஒரு உதவாக்கரை என் பெண்டாட்டியைச் சிரிக்க வைக்கிறான். அவனுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவன் நீ. என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே இதை யோசித்திருக்கிறாய். நல்லா இருடா, நல்லா இரு. (கோபத்தில் 'டா' விழுந்துவிட்டது. அடித்துத் திருத்தினால் கடிதம் அசிங்கமாக இருக்கும் என்பதால் விட்டுவிட்டேன். மன்னிக்கவும்.)

மாடியில் குடியிருக்கும் தையல்காரரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சாமானியப்பட்டவர் இல்லை. ஒரு காலத்தில் என் கம்பத்தில் மோதி டம்ளரையே நசுக்கியவர். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுவாரோ என்று தயங்கித்தான் போனேன். அவர் மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "சினிமாவுல ஒருத்தன் பறந்து பறந்து அடிக்கிறான் சார். அவன் ஜெயிப்பான்னு டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். அதுல எனக்கு என்ன வந்துச்சு? இந்த அரைக்கியர் ரிவர்ஸ் எடுக்கும்போது என் கையும் சேந்து ஸ்டீரிங்கத் திருப்புது சார். ஏன்னா அது நான். அவன் தேறிட்டான்னா, நானும் எங்கயோ ஒரு இடத்துல தேறுன மாதிரி இருக்கும்."

எல்லாரும் அவனைத் தன் ஆள் என்கிறார்கள். பல் டாக்டருமா கியரைப் பாதியில் விடுகிறார்? படித்தவர், பட்டம் மாட்டியவர், அவருக்கும் இவனுக்கும் என்ன உறவு? அப்படியென்றால் டம்ளர் வைத்த நான் யாருடைய ஆள்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் தையல்காரர் மிஷினை நிறுத்தினார். நூலைப் பல்லால் கடித்தார், அவ்வளவுதான்.

இனி சொல்லப் போவதை உங்கள் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். போன வாரம் அவள் கடைக்குப் போயிருந்தபோது, தவறுகளைக் குறித்து வைக்கலாம் என்ற ஒரே நோக்கத்தில் மறு ஒளிபரப்பைப் போட்டேன். அரைக்கியர் வண்டியைப் பின்னால் எடுத்தான். கம்பம் நெருங்கியது. டம்ளரில் தண்ணீர் ஆடியது. அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி ஓங்கி மிதித்தது. செருப்பு பறந்துபோய் ஜன்னல் வழியாக வெளியே விழுந்தது. "ஒடிடா! எடது பக்கம் ஒடிச்சுத் தொலைடா!" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பே சில்லிட்டுப் போனது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே தையல்காரர், கழுத்தில் அளவு டேப், கையில் என் செருப்பு. அவர் செருப்பைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆகவே இந்தக் கடிதம். கடைசிப் பகுதியில் அரைக்கியர் பாஸாகப் போகிறான் என்று உங்கள் அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது நடக்கக் கூடாது. அவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போடுவதில்லை. ஸ்டீரிங்கைப் பிடிப்பதே மெத்தையைப் பிடிப்பது மாதிரி இருக்கிறது. அழுகிறவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தால் ரோட்டில் கம்பம் எதற்கு, சட்டம் எதற்கு, நான் எதற்கு? அவன் தோற்க வேண்டும். டம்ளர் சிந்த வேண்டும். "அடுத்த ஆளு!" என்ற குரலோடு தொடர் முடிய வேண்டும். இல்லாவிட்டால் இந்த வீட்டு வாசலை மிதிக்காதீர்கள்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. வயதானவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. வியாழக்கிழமை நானும் போக வேண்டும். வெறும் சம்பிரதாயம். அங்கே இப்போது அதிகாரியாக இருப்பவன் என்னிடம் வேலை கற்றவன்தான். வந்த பிறகு சனிக்கிழமை வழக்கம்போல உங்கள் அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போக வேண்டும்.

குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், தங்கையின் உடம்பு தேறட்டும், உங்கள் பேனா நேரான வழியில் ஓடட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. போய் வந்தேன். துணைக்குத் தையல்காரரும் உங்கள் அக்காவும் வந்தார்கள். என் சிஷ்யன் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தான், நலம் விசாரித்தான். பிறகு உள்ளே போய் விளிம்பு வரை நிரப்பிய டம்ளரோடு வந்தான். "நீங்க கத்துக்குடுத்ததுதான் சார். இன்னிக்கும் அதே டம்ளர்தான்" என்றான் பெருமையாக. நான் அதை எப்போதும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியில் பார்க்கும்போது அது அவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கியர் பாதியில் நின்றது. டங் என்று ஒரு சத்தம். இறங்கி ஓடிப்போய், என் வாயால், "உரசவே இல்லப்பா" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "அடுத்த ஆளு" என்றான்.

பெஞ்சில் காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "உக்காருங்க சார். நான் எத்தனையோ தடவை வந்துட்டேன். பழகிடும்" என்றார். திரும்பி வரும்போது தையல்காரர்தான் என் காரை ஓட்டினார். கண்ணாடியைப் பார்க்காமலே திருப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. பின் சீட்டில் உங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உரசவே இல்லன்னு சொன்னீங்களே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஜன்னலில் மாட்டிக்கொண்ட அரைக்கியரைப் பார்த்துச் சிரித்தாளே, அதே சிரிப்பு. வீடு வந்த பிறகும் கையை விடவில்லை.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. அவனைப் பாஸ் போட்டுவிடு மாப்பிள்ளை. சட்டம் சட்டம்தான், டம்ளரை எடுக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். அந்த மீசைக்காரன் கம்பத்தில் டம்ளரை வைப்பதற்கு முன்னால், யாரும் பார்க்காதபோது, தண்ணீரைக் குடித்துவிடட்டும். அத்தனை வருடம் வெயிலில் நின்றவன், அவனுக்கும் தாகம் எடுக்காதா?