மூன்று நிமிடச் செவிமடுப்பு

மனித குலத்தின் மனச்சாட்சிக்கு ஒரு தலைவரையும் ஒரு செயலாளரையும் நியமித்து, அதைச் சரியாக மாலை ஐந்து மணிக்கு முடித்துவைக்கக் கற்ற முதல் ஊர் என்னும் பெருமை, தென் கரோலினாவின் ஃபெர்ன்லி நகரையே சாரும். அடிமை முறையை எண்ணிப் பிற ஊர்கள் வெட்கப்பட்டன, சில மறுத்தன, சில வசதியாக மறந்தன. ஃபெர்ன்லி மட்டுமே அதற்கு ஒரு துணைக்குழு அமைத்தது.

இந்த மேன்மையைப் பத்து வாரங்கள் அருகிலிருந்து காணும் பேறு ஒடெஸா பிக்கெட்டுக்குக் கிடைத்தது. ஒடெஸா அவ்வூரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தபால் சுமந்து நடந்தவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிற்கும் என்பதை அவர் வேலியருகே வரும்போதே சொல்லிவிடுவார். மனிதர்களைப் பற்றியும் ஏறக்குறைய அவ்வளவு தெரியும் என்றே நம்பியிருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு தொலைக்காட்சித் தொடர். அடிமைகள் அறுத்த செங்கற்கள் ஒரு நாள் காலையில் சுவர்களிலிருந்து தாமாகவே கழன்று, தெருவில் நடந்து, தம்மை அறுத்தவர்களின் கொள்ளுப்பேரர் வீட்டு வாசலில் போய் அடுக்கி நிற்கின்றன. வங்கியில் ஓட்டை, நீதிமன்றத்தில் ஓட்டை, தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குப் பின்னால் வெறும் வானம். நாடு முழுவதும் இதைப் பார்த்துச் சிரித்தது. ஃபெர்ன்லி சிரிக்கவில்லை, விவாதித்தது. ஞாயிறு தோறும் தொடர் வரும். புதன் தோறும் மூன்று மணிக்கு ஊர்ப் பாரம்பரியக் கழகத்தின் மண்டபத்தில் உறுப்பினர்கள் கூடுவார்கள்.

அந்த மண்டபமும் செங்கல்லால் ஆனது. ஒடெஸா வழக்கமாக அமரும் நாற்காலியருகே, தோள் உயரத்தில், ஒரு கல்லில் நான்கு விரல்களின் தடம் பதிந்திருக்கும். ஈரம் காயுமுன் தூக்கியவர் ஒரு குழந்தையாகத்தான் இருக்க வேண்டும். விருந்தினர்களை அழைத்துவந்து காட்டுவார் கழகத் தலைவி கான்ஸ்டன்ஸ் ப்ரூயிட். புதன்கிழமைகளில் தொட்டுப் பார்க்கவும் அனுமதி உண்டு.

ஒடெஸா தொடரை விவாதிக்க வரவில்லை. மண்டபத்தின் பின்னால், தேவதாரு மரங்களின் கீழ், பச்சைக் கொடி படர்ந்த ஒரு நிலம் இருந்தது. அங்கே கல்லறைக் கற்கள் கிடையாது. ஆங்காங்கே வெளுத்த கடற்சிப்பிகள் மட்டுமே. அச்சிப்பிகளை வைத்தவர்கள் ஒடெஸாவின் குடும்பத்தார். அவருடைய பாட்டியின் பாட்டி டைனா அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தார். அந்த நிலம் இடுகாடு என்று கழகப் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். சுற்றி ஒரு வேலி போட வேண்டும். ஒடெஸா கேட்டது இவ்வளவே. அதற்கான மனுவை முதல் வாரமே கொடுத்துவிட்டார். அதற்காகவே உறுப்பினராகவும் சேர்ந்தார்.

மனு முறைப்படி ஏற்கப்பட்டு, முறைப்படி நிகழ்ச்சி நிரலின் ஐந்தாம் பொருளாகச் சேர்க்கப்பட்டது. முதற்பொருள், சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. இரண்டாவது, ஒப்புதல் பட்டியல்: கைத்துடைப்புத் தாள், மின்விளக்கு, பியானோவுக்குச் சுதி சேர்த்தல் முதலிய சில்லறை விவகாரங்கள் அனைத்தையும் ஒன்றாகக் கட்டி, விவாதமின்றி ஒரே கைத்தூக்கலில் நிறைவேற்றிவிடுவது. இதனால் மிச்சமாகும் நேரம் மனச்சாட்சிக்கு ஒதுக்கப்படும். மூன்றாவது, செவிமடுப்பு. நான்காவது, விவாதம். ஐந்தாவது, நேரம் இருந்தால்.

மூன்றாம் பொருளே கழகத்தின் தனிச்சிறப்பு. வரலாற்றில் இதுவரை கேட்கப்படாத குரல்களைக் கேட்கும் பொருட்டு, செயலாளர் மணியடித்ததும் மண்டபம் முழுவதும் மூன்று நிமிடம் கண்மூடி மௌனம் காக்கும். முதல் வாரம் இதைத் தமக்கான நேரம் என்று தவறாகப் புரிந்துகொண்ட ஒடெஸா எழுந்துவிட்டார்.

"நான் ஒண்ணு சொல்லணும். பின்னால இருக்கிற நெலம்..."

"ஷ்ஷ், மிஸ் ஒடெஸா!" கான்ஸ்டன்ஸ் உதட்டில் விரல் வைத்தார். "கேட்டுக்கிட்டிருக்கோம்."

விவாதங்களின் தரம் பற்றிக் கூறத் தேவையில்லை. ஓய்வு பெற்ற நாடகப் பேராசிரியர் லயனல் ஹார்ட்விக், தொடர் அங்கதமா உருவகமா என்ற வினாவை எழுப்பினார். அதற்கு இரண்டு வாரங்கள் ஆயின. கட்டடச் சாமான் விற்கும் டக்கர் ஏம்ஸ் நடைமுறைச் சிக்கலைச் சுட்டினார்.

"செங்கல் நடக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா எரநூறு வருஷத்துக் கல்லுங்க. ரெண்டு தெரு தாண்டுறதுக்குள்ள பொடிப்பொடியாயிடும்."

"டக்கர், அது உருவகம்பா."

"உருவகமாவே இருந்துட்டுப் போகட்டும் சார். சுண்ணாம்புக் கலவை விடாதே!"

முன்வரிசை அம்மையார் ஒருவர் எழுந்து, தம் கொள்ளுத்தாத்தா செங்கல் வீட்டில் வாழவே இல்லை, மரவீட்டில்தான் வாழ்ந்தார் என்று கண்ணீருடன் அறிவித்து, பெரிய பாரம் இறங்கியவராக அமர்ந்தார்.

"மரத்த யாரு வெட்டுனாங்க?" என்று கேட்டார் ஒடெஸா.

"ஆகா! எவ்வளவு நல்ல கேள்வி!" என்றார் கான்ஸ்டன்ஸ். அது உடனே 'நல்ல கேள்விகள்' பலகையில் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டது. மறுவாரம் இடம் வேண்டிப் பலகை துடைக்கப்பட்டது.

வீட்டில் ஒடெஸாவின் தங்கை பெர்னிஸ், அக்காவின் பொதுவாழ்வை அடுப்படியிலிருந்தே கண்காணித்துவந்தார்.

"என்னக்கா, வெள்ளக்காரங்களோட உக்காந்து டிவி பாத்துட்டு வந்தாச்சா?"

"டிவி பாக்கலடி. டிவியப் பத்திப் பேசுனோம்."

"வேலி?"

"அஞ்சு மணி ஆயிடுச்சு. அடுத்த வாரம்."

"சாப்பிட என்ன குடுத்தாங்க?"

"எலுமிச்சை கேக்கு."

"அதையாவது ரெண்டா எடுத்துட்டு வந்திருக்கலாமில்ல! டைனாவுக்கு ஒண்ணு வச்சிருப்பேன்."

ஆறாம் வாரத்துக்குள் கழகத்தின் புகழ் பக்கத்து ஊர்களுக்கும் பரவிற்று. பன்னிரண்டு பேரோடு தொடங்கிய கூட்டம் தொண்ணூறு ஆயிற்று. இழப்பீடு என்பதா, ஈடுசெய்தல் என்பதா, 'சரிசெய்யும் பயணம்' என்பதா என்ற வாக்கெடுப்பன்று வண்டிகள் அசேலியாப் பூப்பாத்திகள்மீது ஏறி நின்றன. அசேலியாக்களின் துன்பம் கழகத்தை உடனே செயலில் இறக்கியது.

எட்டாம் வாரத்து ஒப்புதல் பட்டியல் தாளின் இருபுறமும் அச்சாகியிருந்தது. பின்புறத்தில், காப்பிக் குவளைகளுக்கும் கதவுக் கீலுக்கும் நடுவே, ஏழாம் உருப்படி இருந்தது: 'பயன்படா நிலத்தைச் சமன்செய்து வளாக வசதியை மேம்படுத்தல்.' தலைவி கை தூக்கச் சொன்னார். தொண்ணூறு கைகள் உயர்ந்தன. அவற்றுள் ஒன்று, முந்தைய ஏழு வாரங்களும் கைத்துடைப்புத் தாளுக்காக உயர்ந்து பழகிய ஒடெஸாவின் கை.

ஒன்பதாம் வாரம் அவர் சற்று முன்னதாகவே வந்து, கைநிறையச் சிப்பிகளோடு மண்டபத்தின் பின்னால் சென்றார். பச்சைக் கொடிக்குள் வரிசையாக முளைகள் அடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு நாடா. டக்கர் அளவு நாடாவுடன் நின்றிருந்தார்.

"டக்கர், என்னதிது?"

"பார்க்கிங், மிஸ் ஒடெஸா. நாப்பது வண்டி நிக்கும். எல்லாம் உங்க சனங்களப் பத்திப் பேச வர்ற கூட்டந்தானே!"

"இங்க ஆளுங்க இருக்காங்கப்பா."

டக்கர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்க? காலியாத்தானே கெடக்கு."

"கீழ."

டக்கர் தொப்பியைக் கழற்றினார். அவர் கெட்டவர் அல்லர். "அடக் கடவுளே. இத நீங்க கூட்டத்துல சொல்லியிருக்கணுமே!"

"ஒம்பது வாரமா அஞ்சாம் பொருளா இருக்கு."

"அஞ்சாம் பொருளுக்குத்தான் நாம இன்னும் வரலையே," என்றார் டக்கர், உண்மையான வருத்தத்துடன். பின்பு முளையொன்று சாய்ந்திருப்பதைக் கண்டு, குனிந்து நிமிர்த்தினார்.

அன்று ஒடெஸா கூட்டத்துக்குள் செல்லவில்லை. கழகத்தின் விதிப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரண்டு பகல்கள் மேசையில் விரித்துவைத்துப் படித்தார். மூன்றாம் நாள் காலையில் உரக்கச் சிரித்தார். பெர்னிஸ் கரண்டியோடு ஓடிவந்தார்.

"கேளுடி. ஒரு தடவை நிறைவேறுன தீர்மானத்தத் திரும்ப எடுக்கணும்னா, அதுக்கு ஆதரவாக் கை தூக்குன ஆளுதான் கேக்க முடியும். எதிர்த்திருந்தா கேக்கவே முடியாதாம்."

"நீதான் கூறுகெட்டத்தனமா தூக்குனியே!"

"அதான்டி சொல்றேன். நான் கேக்கலாம். மூணு நிமிஷத்துக்குள்ள இன்னொரு உறுப்பினர் வழிமொழியணும். ஒரே ஒரு ஆளு போதும்."

"தொண்ணூறு பேருல ஒரு ஆளு," என்றார் பெர்னிஸ். சிறிது யோசித்தார். "நானும் வர்றேன்."

பத்தாம் வாரம், இறுதிக் கூட்டம். ஒடெஸா தேவாலயத்துக்கு அணியும் நீலத் தொப்பியை அணிந்திருந்தார். பெர்னிஸ் பார்வையாளருக்குரிய கடைசி வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கியபடி அமர்ந்தார். மண்டபத்தின் பின்னால் சாலை உருளையும் வேலையாட்களும் காத்திருந்தனர். நிறைவேறிய தீர்மானத்தையும் திரும்ப எடுக்க இறுதிக் கூட்டம்வரை உறுப்பினருக்கு உரிமை உண்டு; அதுவரை எதுவும் செயற்படுத்தப்படுவதில்லை. ஃபெர்ன்லி சட்டத்தை மதிக்கும் ஊர்.

ஒப்புதல் பட்டியல் வந்ததும் ஒடெஸா எழுந்தார். புத்தகத்திலிருந்த சொற்களை மாற்றாமல் முன்மொழிந்தார். அதன்பின் புத்தகத்தை மூடினார்.

"ஏழாம் உருப்படிக்கு நானும் கை தூக்குனேன். படிக்காமத் தூக்குனேன், அது என் தப்பு. பின்னால எங்க டைனா இருக்கா. அவளோட இன்னும் நாப்பது அம்பது பேரு இருக்காங்க. நீங்க தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்களே, இந்தக் கல்லெல்லாம் அவங்க அறுத்தது. அவங்க மேல வண்டி நிக்க வேணாம். யாராவது ஒருத்தர் வழிமொழிஞ்சா போதும்."

கான்ஸ்டன்ஸின் கண்கள் நிறைந்தன. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முன்வரிசை அம்மையார் விம்மினார்.

"மிஸ் ஒடெஸா," என்றார் தலைவி, தழுதழுத்த குரலில், "இவ்வளவு பெரிய வார்த்தைக்கு நாங்க சட்டுனு ஏதாவது சொன்னா அது அவமரியாதை. எல்லாரும் கண்ண மூடுங்க. செவிமடுப்போம்."

மணி ஒலித்தது. தொண்ணூறு பேரும் கண்களை மூடினர். அத்தகைய மௌனத்தை அந்த மண்டபம் அதுவரை கண்டதில்லை. ஒடெஸா மட்டும் நின்றபடி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகத்தின் வீட்டு எண்ணும் அவருக்குத் தெரியும். டக்கரின் உதடுகள் ஒருமுறை பிரிந்தன. பக்கத்திலிருந்தவர் அன்போடு அவர் முழங்கையைத் தொட்டதும் மூடிக்கொண்டன.

இரண்டு நிமிடம் கடந்தது.

"யாராவது வாயத் தொறங்களேன்!" என்று பெர்னிஸ் கடைசி வரிசையில் எழுந்தார். "நான் வழிமொழியறேன்!"

"ஷ்ஷ்ஷ்!" என்றது மண்டபம் ஒரே குரலில். செயலாளர், பார்வையாளர் வழிமொழிய இயலாது என்பதை ஒரு தாளில் எழுதி, ஓசை எழாமல் அனுப்பிவைத்தார்.

மணி மீண்டும் ஒலித்தது. "மூன்று நிமிடத்துக்குள் வழிமொழிவு இல்லை," என்று செயலாளர் வாசித்தார். "தீர்மானம் வீழ்ந்தது. மிஸ் ஒடெஸாவின் குரல் ஆழ்ந்து செவிமடுக்கப்பட்டது."

"அடடா," என்றார் கான்ஸ்டன்ஸ். யாரோ வெளியே சென்று வேலையாட்களிடம் தலையசைத்துவிட்டு வந்தார்.

நான்காம் பொருள், தொடரின் இறுதிப் பகுதி. அதில், ஓர் ஊர் மண்டபத்தின் நான்கு சுவர்களும் கல் கல்லாக எழுந்து போகின்றன, உள்ளே இருப்பவர்கள் அதை விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள், கூரை தொங்குகிறது. பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை.

"இங்கதான் கதாசிரியர் சறுக்கிட்டார். அங்கதத்துக்கும் ஒரு அளவு வேணாமா? கண்ணு முன்னால நடக்கிறத விட்டுட்டு எந்த மனுஷன் இப்படி உக்காந்து பேசிக்கிட்டிருப்பான்?"

"நம்பவே முடியல," என்று கான்ஸ்டன்ஸ் ஆமோதித்தார். வெளியே உருளை உறுமத் தொடங்கியது. கண்ணாடி டம்ளர்களில் இனிப்புத் தேநீர் நடுங்கியது. "டக்கர், அந்தச் சன்னலக் கொஞ்சம் சாத்திடுங்க. ஒண்ணும் காதுல விழல."

எல்லாச் சன்னல்களும் சாத்தப்பட்டன. கடிகாரம் ஐந்துக்கு நான்கு நிமிடம் காட்டியது. விவாதம் தீர்ந்திருந்தது. கழக வரலாற்றில் முதன்முறையாக ஐந்தாம் பொருள் வந்தது.

"மிஸ் ஒடெஸா!" தலைவியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, உங்க முறை வந்தே வந்துடுச்சு! சொல்லுங்க."

ஒடெஸா எழவில்லை. பக்கத்துச் செங்கல்லின் நான்கு விரற்குழிகளில் தம் விரல்களை வைத்தார். அவை மிகச் சிறியவை. நுனிகள் மட்டுமே பொருந்தின. சுவர் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"டிவியில செங்கல்லுக்காவது எந்திரிச்சுப் போகத் தெரிஞ்சுது, மிஸ் கான்ஸ்டன்ஸ். எங்க டைனாவுக்குத் தெரியல. படுத்தே கெடக்கா. பத்து வாரமாக் கேட்டுக்கிட்டிருக்கோம், கேட்டுக்கிட்டிருக்கோம்னு சொல்றீங்களே, அந்தச் சன்னலத் தொறங்க. இப்பக் கேக்கும்."

கான்ஸ்டன்ஸ் மார்பில் கை வைத்தார். செயலாளரை நோக்கி மெல்லத் தலையசைத்தார். மணி ஒலித்தது. சன்னல்கள் சாத்தியபடியே இருக்க, ஃபெர்ன்லி நகரம் கண்களை மூடிச் செவிமடுக்கத் தொடங்கியது.